வானத்தைப் பெண் கேட்டு வந்தார்கள்

அளத்தங்கரையில் வானம் வயதுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பாமாயில் லாரி தாமதமாக வந்ததால் ரேஷன் கடை இருட்டிய பிறகும் திறந்திருந்தது, அதனால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் வரிசையில் நின்றிருந்தார்கள், அதனால்தான் விஷயம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. இல்லையென்றால் நான்தான் முதலில் பார்த்தேன், நீ எங்கே பார்த்தாய் என்று இன்றைக்கும் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். வடக்கே, உப்பளங்களுக்கு மேலே, சிவப்பாக ஒரு கறை தோன்றியது. அது மெல்லப் படர்ந்து, அகலமாகி, அடியில் பச்சைக் கரையும் ஊதாக் கரையும் கட்டிக்கொண்டு, கொடியில் காயப்போட்ட சேலை கடல்காற்றுக்கு ஆடுகிற மாதிரி அசைந்தது. பாதிப் பெண்கள் கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்கள். மீதிப் பேர் இடம் போய்விடும் என்று நின்ற இடத்திலிருந்தே கழுத்தை மட்டும் திருப்பினார்கள்.

அளத்தில் உப்பு வாருகிற சொர்ணம்தான் இடுப்பில் கையை ஊன்றி, ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஏட்டி, வானம் சமஞ்சிட்டா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் அது என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. சமைந்த பிள்ளையைப் பார்த்து ஏன் சமைந்தாய் என்று கேட்பார் உண்டா? டிவியில் மட்டும் ஒருவர் கோட்டு போட்டு வந்து, சூரியனில் ஏதோ வெடித்தது, அதனால் வடதுருவத்துப் பக்கம் தெரிகிற ஒளி இது, இங்கே தெரிய நியாயமே இல்லை, தெரிந்தாலும் ஓர் இரவுக்கு மேல் நிற்காது என்றார். மறுநாளும் இருட்டியவுடன் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அளத்தங்கரைக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பெரிய மனுஷியானவள் மறுநாளே சின்னப் பிள்ளையாகத் திரும்பிவிடுவாளா என்ன!

ஆகவே ஊர், ஒரு வீட்டில் பிள்ளை சமைந்தால் என்னவெல்லாம் செய்யுமோ அதையெல்லாம் செய்தது. காத்துக் கறுப்பு அண்டாமல் இருக்க வடக்கு எல்லையில் கடப்பாரையை நட்டு வேப்பங்குழையைச் செருகினார்கள். வீட்டுக்கு வீடு உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி, வானத்துக்கு ஊட்ட வழியில்லாததால் தாங்களே தின்றார்கள். வருஷக்கணக்காக உப்பு வாரி இற்றுப்போன இடுப்புகள் அந்த மாதம் கொஞ்சம் நிமிர்ந்தன என்று சொர்ணம் சத்தியம் செய்வாள். தாய்மாமன் யார் என்று ஒரு கேள்வி வந்தது, வந்த வேகத்திலேயே தீர்ந்தது. பச்சைப் பிள்ளைக்குச் சோறூட்டும்போது எல்லா வீட்டிலும் மாமா மாமா என்று கூப்பிடுவது நிலாவைத்தானே, அப்புறம் வேறு யார்? வளர்பிறையில் நிலா பெரிதாகப் பெரிதாக அந்த வண்ணங்கள் வெளிறி ஒடுங்கியபோது கூட யாரும் பதறவில்லை. மாமனைக் கண்டு வெட்கப்படுகிறாள், மாமன் போனதும் வருவாள் என்றார்கள். தேய்பிறையில் வந்தாள்.

சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளைமேல் யாரும் வெளிச்சம் அடிக்கக் கூடாது. தெருவிளக்குகளுக்கு பியூஸைப் பிடுங்கினார்கள், கோயில் கோபுரத்துச் சீரியல் விளக்கைக் கழற்றிச் சாக்கில் கட்டினார்கள், மோட்டார் சைக்கிளில் வருகிறவன் ஊர் எல்லையில் விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். டார்ச் அடித்து மாட்டிக்கொண்ட கண்டக்டர் ஒருவனைச் சொர்ணம், “வயசுக்கு வந்த பிள்ள மொகத்துல லைட்ட அடிக்கியே, ஒன் வீட்டுல அக்கா தங்கச்சி இல்ல?” என்று கேட்ட கேள்வியில் அவன் அந்த ரூட்டே வேண்டாம் என்று மாற்றல் வாங்கிப் போனான். இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு, கையை நீட்டினால் கை தெரியாது, ஆனால் அண்ணாந்தால் ஒரு நட்சத்திரம் பாக்கியில்லாமல் தெரியும்.

இரண்டாவது சட்டம், சடங்கு முடிகிற வரை ஆண்கள் அண்ணாந்து பார்க்கக் கூடாது. அளத்தங்கரை ஆண்கள் வாழ்நாளில் முதல் தடவையாகத் தலையைக் குனிந்து நடந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள், நெற்றியில் புடைப்போடு டீக்கடையில் உட்கார்ந்து நியாயம் பேசினார்கள். கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி, உப்புப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறதே, அதில் தெரிகிறதைப் பார்த்தால் குற்றமில்லையே என்று கண்டுபிடித்தான். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஊர் ஆண்கள் எல்லாரும் அளத்து வரப்பில் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்தார்கள்.

சடங்கு என்றால் போட்டோ உண்டு. போட்டோ என்றால் ஆவுடைத்தாய்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற ஒரே ஸ்டுடியோ அவளுடையது. புருஷன் நடத்தியது, அவன் லாரியில் அடிபட்டுப் போனபிறகு, கடையை விற்றுவிடு என்று சொன்னவர்களின் வாய் மூடுவதற்குள் ஷட்டரைத் தூக்கி உட்கார்ந்தாள். கல்யாணம், காதுகுத்து, சாவு, ஆதார் கார்டு எல்லாம் அவள் கையால்தான். கறாரான பொம்பளை. மாப்பிள்ளை வீட்டார் சிரிக்காவிட்டால் சிரிக்கிற வரை விடமாட்டாள். ஆனால் இத்தனை வருஷத்தில் எடுத்த ஆயிரம் படங்களில் ஒன்றையாவது தனக்காக எடுத்தாளா என்றால், இல்லை.

செல்போனைத் தூக்கியவர்கள் எல்லாம் ஃபிளாஷ் அடித்துப் பெண்களிடம் திட்டு வாங்கினார்கள், படத்தில் கறுப்பும் ஒரு கொசுவும் மட்டும் விழுந்தன. ஆவுடையின் கேமராவும் முதல் இரண்டு நாள் ஏமாற்றியது. இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அதன் தானியங்கியை அணைத்து, ஒரு நட்சத்திரம் புள்ளியாகத் தெரிகிறவரை கையால் திருகி, அந்த இடத்திலேயே டேப் ஒட்டினாள். ஸ்டாண்டைக் காற்று ஆட்டியது. ஒரு சாக்கில் உப்பை அள்ளி அதன் நடுவில் தொங்கவிட்டாள். ஷட்டரைத் திறந்து, மூச்சை அடக்கி, மனசுக்குள் மெதுவாக எண்ணி, மூடினாள். பின்பக்கத் திரையில் படம் வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த சிவப்பு படத்தில் தாழம்பூ நிறத்திலிருந்து கத்தரிப்பூ நிறம் வரை மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள்கூட இருந்தன. பாத்தி பாத்தியாகத் தண்ணீரில் அதே நிறங்கள் தலைகீழாக நின்றன, உப்புக் குவியல்கள் எல்லாம் குங்குமம் பூசியிருந்தன.

“ஏ ஆவுடை, கலர் போட்டியாட்டி? கல்யாண ஆல்பத்துக்குப் போடுவியே, அந்த மாரி?” என்றாள் சொர்ணம், சந்தேகத்தோடு.

“ஒரு சொட்டு கலர் போடலக்கா. கேமரா கொஞ்ச நேரம் கண்ணச் சிமிட்டாமப் பாத்துச்சு, அவ்வளவுதான். நாமதான் எதையும் நின்னு பாக்க மாட்டோமே.”

அதன் பிறகு அவள் தினமும் போனாள். ஊர் கேட்டது ஒரு ஆல்பம். அவள் எடுத்தது அதற்குமேல். வீடு வந்து, கதவைச் சாத்தி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே சோறு தின்றாள். தனியாக உட்கார்ந்து தின்கிற சோறு அவளுக்கு ருசித்தது அந்த மாதம்தான்.

சடங்கு நாளில் வானத்துக்கு மஞ்சள் நீர் ஊற்ற வழியில்லை என்பதால், வானம் முழுசாகத் தெரிகிற ஒரு பெரிய பாத்தியில் குடம் குடமாக ஊற்றிக் குலவையிட்டார்கள். ஆவுடை பெண்களை எல்லாம் தாம்பாளத்தோடு நிறுத்தி, ஷட்டர் மூடுகிறவரை அசையக் கூடாது என்று மிரட்டிப் படம் எடுத்தாள். நடுவில் ஒருத்தி தும்மியதால் அந்தப் படத்தில் அவளுக்கு மட்டும் இரண்டு தலை. அந்தப் பாத்தியின் உப்பு பழுப்பாக விளைந்தது. வாங்க ஆளில்லை, ஊரே ஊறுகாய் போட்டுத் தீர்த்தது.

சடங்கு முடிந்த பிள்ளைக்கு அடுத்தது என்ன? பெண் கேட்டு வருவார்கள். வந்தார்கள்.

சென்னையிலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பெனி. அதன் மேனேஜர் பெயர் ரகோத்தமன். ஆள் கெட்டிக்காரர், எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சோற்றை அந்த ஊர்க்காரனைவிட ரசித்துத் தின்னத் தெரிந்தவர். ஊரின் நடைமுறையை விசாரித்துவிட்டு, வேட்டி கட்டி, பட்டுச் சேலை, பழம், வெற்றிலை பாக்கு வைத்த தட்டுகளோடு ஊர்த்தலைவர் செந்தூர்பாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, உங்க பெண்ணை எங்க வீட்டுக்குக் கேட்டு வந்திருக்கோம்.”

செந்தூர்பாண்டி அண்ணாச்சி, தன் மகள் முத்தரசியைத்தான் கேட்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் முழித்தார். அவள் உள்ளே எட்டாவது வகுப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ரகோத்தமன் விரலை மேலே காட்டினார், அண்ணாச்சிக்கு விளங்கியது, நெஞ்சு குளிர்ந்தது. கடற்கரை ஓரமாகப் பெரிய ஹோட்டல் வரும், உலகத்தில் இருக்கிற எல்லா ஊர்க்காரனும் வருவான், தார் ரோடு வரும், ராத்திரியைப் பகலாக்குகிற ஹைமாஸ் விளக்கு நாலு பக்கமும் வரும், ஊரின் பெயர் விமான நிலையத்தில் எழுதப்படும். பெண்ணை ராணி மாதிரி வைத்துக்கொள்வோம் என்றார் ரகோத்தமன். ஆண்கள் கோயிலில் கூடி, நல்ல இடம், தேடி வந்த சம்பந்தம், காலம் கெட்டுக் கிடக்கிறது, வயசுப் பிள்ளையை எத்தனை நாள் வெறும் வெளியில் வைத்திருப்பது என்று பேசி, அன்றைக்கே தட்டை மாற்றி வாக்குக் கொடுத்தார்கள். சடங்கு முடிந்துவிட்டதால் அவர்கள் தலை நிமிர்ந்தே இருந்தது.

மறுநாள் அண்ணாச்சியும் ரகோத்தமனும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள்.

“ஆவுடை, பொண்ணு போட்டோ கேக்காவ. இருக்கதுலயே நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு” என்றார் அண்ணாச்சி.

“யாருட்ட கேட்டு வாக்குக் குடுத்திய அண்ணாச்சி?”

“இது என்ன கேள்வி? ஊரு கூடித்தான குடுத்தோம்.”

“ஊருல பாதி பொம்பளைய. ஒருத்தியக் கூப்பிட்டியளா? சரி, அத விடுங்க. பொண்ணுட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

அண்ணாச்சி சிரித்தார். ரகோத்தமனும் மரியாதைக்குச் சிரித்தார்.

“வானத்துட்ட என்னத்தட்டி போயி கேக்க? வாயா இருக்கு?”

“எனக்கு வாய் இருந்துச்சே அண்ணாச்சி” என்றாள் ஆவுடை. “எங்கிட்டயும்தான் ஒருத்தரும் கேக்கல.”

அது அவள் யாரிடமும் சொல்லாத பேச்சு. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சடங்கு முடிந்த வாரமே பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். பையை எடுத்துப் பரணில் போட்டார்கள், டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பேசிவிட்டு மோர் குடித்துப் போனாள். மூன்று வருஷம் வீட்டுக்குள் இருந்தாள். பிறகு ஒருநாள் தலை நிறையப் பூ வைத்து இதே ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்து, இதே நாற்காலியில் உட்கார வைத்து, படம் எடுத்து, எந்த ஊருக்கோ கவரில் அனுப்பினார்கள். அந்த வீட்டில் வேண்டாம் என்றார்கள். படம் எடுத்தவனோ ஒரு காப்பி தனக்கும் போட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நானே கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். நல்ல மனுஷன்தான், அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் முதல் நாள் ராத்திரி “ஒனக்கு என்னையப் பிடிச்சிருக்கா?” என்று அவன் கேட்டபோது தாலி கழுத்தில் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு கேட்கிற கேள்விக்கு என்ன மதிப்பு என்று அவளுக்கு இன்றுவரை கோபம். செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், அவள் படுவாள்.

“போட்டோ தர மாட்டேன்” என்றாள்.

“என்ன ஆவுடை, ஊரு வாக்கு…”

“எடுத்தவ நான். பொண்ணுட்ட கேக்காம அவ போட்டோ என் கையால போவாது. போங்க அண்ணாச்சி, ஆளு நிக்கி, பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும்.”

அன்றைக்கே கேமராவில் படமெல்லாம் பதிந்திருந்த சின்ன அட்டையைக் கழற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி தம்பியை அனுப்பினார், பூசாரியை அனுப்பினார், அவளுடைய சொந்த அண்ணனையே வெளியூரிலிருந்து வரவழைத்தார். ஆவுடை எல்லாருக்கும் டீ கொடுத்தாள், படம் கொடுக்கவில்லை. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஊர் ஒதுக்கிவிட்டால் கடைக்கு யார் வருவார்கள் என்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தாள். ஆனாலும் மனசு ஒரு இடத்தில் இறுகி நின்றுவிட்டது. இந்த ஒரு பெண்ணையாவது கேட்காமல் அனுப்பக் கூடாது.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் வைத்தார்கள். அளத்து மைதானத்தில் மேடை போட்டு, லாரியில் ஜெனரேட்டர் கொண்டுவந்து, ஹைமாஸ் வருவதற்கு முன்னோட்டமாக இரண்டு ஆள் உயரத்தில் நாலு கம்பம் நட்டு விளக்குக் கட்டினார்கள். பொழுது இறங்கியதும் ஊர் கூடியது. வடக்கே அவள் வந்தாள், என்றைக்கும்விடச் சிவப்பாக, அகலமாக. ரகோத்தமன் மைக்கைப் பிடித்து எல்லாரையும் அம்மா ஐயா என்று கும்பிட்டு, “இனி அளத்தங்கரையில் இருட்டே கிடையாது!” என்று கையைத் தூக்கினார். ஜெனரேட்டர் உறுமியது.

நாலு விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. பாத்திகள் எல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தன. காக்கைகள் விடிந்துவிட்டது என்று கத்தின. வானத்தில் ஒன்றும் இல்லை. சிவப்பு இல்லை, பச்சை இல்லை, நட்சத்திரம்கூட இல்லை, தார் பூசிய மாதிரி ஒரு கறுப்பு மட்டும் இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண், “ஐயோ, பிள்ள எங்க?” என்று அலறினாள், அவளைப் பார்த்து நாலைந்து பேர் அழுதார்கள்.

ரகோத்தமன் பதறவில்லை. அவர் இதை எதிர்பார்த்தே வந்திருந்தார்.

“பயப்படாதீங்கம்மா. வெளிச்சம் இருந்தா அது தெரியாதுதான். வர்ற விருந்தாளிங்க இருட்டுல தடுக்கி விழ முடியுமா? அதுக்குத்தான் அந்தப் படம் கேட்கிறோம். பெரிய திரை கட்டி, லேசர் போட்டு, அதே கலர், அதே அசைவு, பாட்டோடு தினமும் ஏழு மணிக்குக் காட்டப் போறோம். படம் கைக்கு வந்துட்டா போதும். வானம் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, நமக்குக் கவலை இல்லை!”

தமிழ்நாட்டில் எங்கே வேண்டுமானாலும் இதைச் சொல்லியிருக்கலாம், மேடை போட்டுப் பெண் கேட்ட இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது. ஆவுடை எழுந்தாள்.

“எல்லாருக்கும் கேட்டுச்சா? மாப்பிள்ள வீட்டுக்காரவ சொல்லுதாவ, பொண்ணு வேண்டாமாம். போட்டோ மட்டும் போதுமாம். பொண்ணு எக்கேடு கெட்டாலும் சரியாம்.”

அவ்வளவு பெரிய அவமானத்தை அளத்தங்கரை கண்டதில்லை. கிழவர்கள் துண்டை உதறினார்கள். “அப்படிச் சொல்லலீங்க” என்று ரகோத்தமன் தொடங்கினார், மைக் கீச்சிட்டது.

“நான் வாக்குக் குடுத்துட்டேனே” என்று செந்தூர்பாண்டி அண்ணாச்சி கையைப் பிசைந்தார். பாவம், வாக்குத் தவறாத குடும்பம்.

“வாக்குக் குடுத்தது நீங்கதான அண்ணாச்சி?” என்றாள் சொர்ணம். “அப்ப நீங்களே வாக்கப்பட்டுப் போங்க!”

சிரிப்பு வெடித்தது. ஆனால் சொர்ணம் சிரிக்கவில்லை, வீட்டைப் பார்த்து ஓடினாள். அவள் எதற்கு ஓடுகிறாள் என்று பெண்களுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளை வெளியே வந்தால் பிறத்தியார் கண் படாமல் சுற்றிச் சேலையைப் பிடிப்பார்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் பிடித்த கைகள் அவை. பெட்டிகள் திறந்தன. கூறைச் சேலை, வளைகாப்புச் சேலை, துணி ஆலையில் மகள் வேலை பார்த்து வாங்கித் தந்த சேலை, புருஷன் செத்த அன்று பிறந்த வீட்டார் போட்ட கோடிச் சேலை எல்லாம் வந்தன. உப்பு வாருகிற நீளக் கம்புகளில் அவற்றை முடிந்து, பெண்கள் கம்பத்துக்கு நூறு பேராக நின்று உயர்த்தினார்கள். விளக்குகளின் முகத்தில் சேலைக்குமேல் சேலை விழுந்தது. வெள்ளை வெளிச்சம் சிவந்து, மஞ்சளாகி, பிறகு கருநீலமாகி, ஒரு கோட்டாகக் குறைந்தது.

“எறக்குங்கம்மா, சேலை பத்திக்கிடும்!” என்று ஜெனரேட்டர்காரன் கத்தினான்.

“பத்தட்டும்! நீ அணைக்கியா, நாங்க பிடிச்சுக்கிட்டே நிக்கவா?” என்று ஆவுடை அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

அவன் ரகோத்தமனைப் பார்த்தான், சேலைகளைப் பார்த்தான், அவற்றில் ஒன்று கருக ஆரம்பித்த வாசனை வந்தது. அணைத்தான்.

கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் நட்சத்திரங்கள் வந்தன. பிறகு வடக்கிலிருந்து எழுந்து, இதுவரை உப்பளத்துக்கு இந்தப் பக்கம் வராதவள், அன்றைக்கு மைதானத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, தெற்கே கடல் வரைக்கும் விரிந்தாள். அண்ணாந்து நின்ற நூறு நூறு முகங்களும் சிவந்திருந்தன. ரகோத்தமனும் அண்ணாந்தார். கொஞ்ச நேரம் அவர் மேனேஜராக இல்லை. பிறகு ஞாபகம் வந்துவிட்டது.

“சரிங்கம்மா, எங்களுக்குத் தர வேண்டாம். இந்தப் பெண்ணை வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணப் போறீங்க?” என்று கேட்டார்.

ஆவுடை வாயில் வந்ததைச் சொன்னாள்.

“அவ படிக்கட்டும்.”

முதலில் சொர்ணம் சிரித்தாள். பிறகு கம்பைப் பிடித்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னார்கள். அவ படிக்கட்டும், ஆமா, மொதல்ல அவ படிக்கட்டும், இப்ப என்ன அவசரம், படிக்கட்டும் என்று அது மைதானம் முழுக்கச் சுற்றி வந்தது, குலவை மாதிரி ஏறியது, ஆண்களில் சிலரும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சேர்ந்து சொன்னார்கள். செந்தூர்பாண்டி அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, பிள்ளையிடம் கேட்காமல் கொடுத்தது தப்புதான் என்று அழுதார். ரகோத்தமன் தட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். பட்டுச் சேலை மட்டும் எப்படியோ காணாமல் போயிருந்தது.

அளத்தங்கரை எதையும் அரைகுறையாகச் செய்யாது. வானம் படிக்கிறது என்று முடிவானபிறகு, பள்ளிக்கூடத்தில் வடக்குச் சன்னலோரப் பெஞ்சில் ஒரு இடத்தைக் காலியாக விட்டார்கள். எத்தனாவது படிக்கிறாள் என்று பிள்ளைகள் கேட்டபோது, யாரும் வாயைத் திறப்பதற்குள் ஆவுடை, “ஒம்பதாவது” என்றாள். பரீட்சை நாட்களில் சாயங்காலம் மேகம் போட்டு மூடியிருந்தால், படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஊர் சத்தம் குறைத்துப் பேசியது. தெருவிளக்குகளின் பியூஸ் இன்னும் திரும்பிப் போகவில்லை. ஆவுடை நினைத்த நாளில் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிறாள், யாருக்கும் அனுப்புவதில்லை. பார்க்க வேண்டும் என்கிறவர்கள் இருட்டுக்குள் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் கட்சி.

அடுத்த வருஷம் தைக்கு முன்னால் செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் மகள் முத்தரசி பெரிய மனுஷியானாள். அண்ணாச்சி முறைப்படி எல்லாம் செய்தார். சடங்கு முடிந்த கையோடு, காலையில் பலகாரம் தின்றுகொண்டே, வெளியூரில் கடை வைத்திருக்கிற தன் அக்காள் மகன் பெயரைச் சொல்லி, இன்னும் கொஞ்ச வருஷம் வீட்டோடு இருக்கட்டும், அப்புறம் முடித்துவிடலாம், பள்ளிக்கூடம் போதும் என்றார். கணக்குத் தீர்க்க ஆல்பத்தோடு வந்திருந்த ஆவுடை வாசலில் நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளைச் சுவரோரம் சைக்கிளைப் பிடித்து நின்ற முத்தரசி முந்திக்கொண்டாள்.

“எப்பா, வானம் எத்தனாவது படிக்கா?”

அண்ணாச்சி வாயில் போட்ட இட்லியை விழுங்கவில்லை.

“அவளுக்கு ஊரே சேலையைப் பிடிச்சு நின்னியல்லா? அவட்டக் கேக்காமக் குடுத்தது தப்புன்னு நீங்களே அன்னைக்கு மைக்குல அழுதியல்லா? எங்கிட்டக் கேட்டியளா?”

தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் நின்றார்கள். சொர்ணம் நின்றாள். எல்லாரும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அண்ணாச்சியையே பார்த்தார்கள். அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார், அவள் கரண்டியோடு மகள் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவர் கையைக் கழுவினார், துடைத்தார், தொண்டையைச் செருமினார், எதுவும் உதவவில்லை. கடைசியில், அளத்தங்கரையில் எந்த அப்பனும் எந்த மகளிடமும் கேட்டறியாத அந்தக் கேள்வியை, வெட்கத்தில் காது சிவக்க, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப… நீ என்னட்டி சொல்லுத?”

முத்தரசி சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள்.

“யோசிச்சுச் சொல்லுதேம்ப்பா. இப்ப பெல் அடிச்சிருவாவ” என்று சொல்லிவிட்டு, ஏறி மிதித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.